உன் ஜாக்கெட்டுக்கு உன் காலு

ஷமீம் பானு உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தால், ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் திரும்பி அந்த இடத்தைப் பார்ப்பாள். தையல் முக்காலியானாலும் சரி, பஸ் சீட்டானாலும் சரி, கல்யாண வீட்டு நாற்காலியானாலும் சரி, முதலில் கண் போகும், பிறகுதான் கால் நகரும். செம்மேட்டுக் கடைவீதியில் எல்லாருக்கும் இது தெரியும். தையல்காரி ஊசி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் யாரோ கேட்டபோது அவளும், "ஊசி கீசி கெடந்து யாரையாச்சும் குத்திப்புடும்" என்று சொல்லி வைத்தாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளை ஊசியக்கா என்றே கூப்பிட்டார்கள்.

உண்மையில் அவள் ஒருநாளும் ஊசியைத் தேடியதில்லை. மாதத்தில் பாதி நாள் உதிரம் போய்க்கொண்டிருந்தது. துணி மேல் துணி வைத்தாலும் நம்ப முடியாது. அதனால்தான் கறுப்பு, கரும்பச்சை, அரக்கு தவிர வேறு நிறத்தில் அவள் சேலை எடுப்பதில்லை. தையல் முக்காலியின் மேலும் ஒரு கறுப்புத் துணியை நாலாக மடித்துப் போட்டிருந்தாள். புருஷனிடம்கூட, "எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று பாதி வார்த்தையை விழுங்கிவிட்டுப் போய்விடுவாள். டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் யாரிடமாவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதற்கு இந்த மலையின் எழுபது வளைவையும் நடந்தே இறங்கி ஏறிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

அவள் புருஷன் அமீர் பாஷா அடிவாரத்து ஊர்க்காரர். மகள் சாயிரா சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலைக்கு வந்து, பாத்திரமும் பிளாஸ்டிக் சாமானும் விற்கும் கடை போட்டார். கடைக்குப் பின்னால்தான் வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. அதில் ஷமீமின் தையல் மெஷின். அடிவாரத்து மாமியார் வீட்டில் அவள் மூன்றாவது மருமகள், அவ்வளவுதான். சோறு வடித்தால் யாரும் பார்க்கமாட்டார்கள், வடிக்காவிட்டால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மலையில் அப்படியில்லை. குண்டூர் நாட்டிலிருந்தும் திருப்புலி நாட்டிலிருந்தும் சந்தைக்கு வருகிற பெண்கள், ரோட்டில் நின்றே, "பாயம்மா, இருக்கறீங்களா?" என்று குரல் கொடுப்பார்கள். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள், அந்தக் குரலுக்கு மட்டும் உடனே, "வாங்க, இருக்கறேன்" என்பாள். கல்யாணமாகிச் சாயிரா நாமக்கல் போன பிறகும் அந்த ஜன்னலை விட்டு ஷமீம் நகர்ந்ததில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பொங்கலுக்கு முன்னால், லைனிங் துணி எடுக்க அவள் பஸ்ஸில் கீழே போனாள். பக்கத்துச் சீட்டில் கண்ணாயி. குண்டூர் நாட்டுக்காரி, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைத் தானே ஏணி போட்டு ஏறிப் பறிப்பவள், வாய் நீளம். வளைவுகளெல்லாம் முடிந்து, அடிவாரத்தில் இறங்குகிற இடம் வந்ததும் ஷமீம் எழுந்தாள். வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் நகரவில்லை.

"ஏறுறவங்க நிக்கறாங்க பாரும்மா, எறங்கு எறங்கு" என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

கண்ணாயி ஒரே நொடியில் தன் தோள் துண்டை எடுத்துச் சீட்டின் மேல் போட்டாள். "எல்லாம் எறங்குவோம் கண்டக்டரே. வெத்தல எச்சி சிந்திருச்சு. தொடைக்காம எறங்குனா நீயே வைவ. ஒரு நிமிசம் வாய மூடிக்கிட்டு நில்லு சாமி" என்றாள். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துத் துடைத்தாள். தன் சேலை முந்தானையை அவிழ்த்து ஷமீமின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தபடியே இறக்கினாள். கீழே கால் வைத்ததும் ஷமீமுக்குக் கண் இருட்டியது. புளியமரத்து நிழலில் உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகு, அவள் காதோரமாகக் கண்ணாயி சொன்னாள்:

"நீங்க தேடற ஊசி எங்க கெடக்குதுன்னு எனக்கு எப்பவோ தெரியும் பாயம்மா. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சொல்லவேயில்ல. வாங்க, ஆட்டோ வந்திருச்சு."

ஆட்டோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "இவ்வளவு பெரிய கட்டிய வயித்துல வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் மெஷின் மிதிச்சீங்க?" என்று கேட்டார். முதலில் இரத்தம் ஏற்றினார்கள். பொங்கல் கழிந்து ஆபரேஷன் செய்து, கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்தார்கள். உள்ளே அவள் இருந்த நேரமெல்லாம் அமீர் பாஷா வராந்தாவில் அவளுடைய செருப்பு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே வைத்தால் தொலைந்துவிடுமாம். அது தேய்ந்துபோன ரப்பர் செருப்பு.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். கனம் தூக்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது, மூன்று மாசத்துக்கு மெஷின் மிதிக்கக் கூடாது. ஆனால் பயந்துபோயிருந்த அமீர் பாஷாவின் மனதில் அந்த மூன்று மாசம் தங்கவில்லை. மிதிக்கக் கூடாது என்பது மட்டும் தங்கியது. அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது அவர் தங்கை நாசியா.

"பாபி இனிமே மெஷின் பக்கமே போகக் கூடாது பாய்ஜான். உள்ள தாங்கறதுக்கு ஒண்ணுமில்லாத உடம்பு. அந்த மலையில அவசரத்துக்கு யாரு இருக்கா? எங்க ஊட்டுக்குப் பக்கத்துலயே கடை ஒண்ணு காலியா வருது. பேசாம இங்க வந்துருங்க."

நாசியா கெட்டவளில்லை. ஆஸ்பத்திரிக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொண்டு வந்தவள் அவள்தான். அதனாலேயே அவள் பேச்சைத் தட்ட முடியவில்லை. பங்குனிக் கடைசியில் மலையில் மாரியம்மன் நோம்பித் திருவிழா வரும். பாத்திரக் கடைக்கு அதுதான் நல்ல வியாபாரம். அது முடிந்ததும் கடையைக் காலி பண்ணிக்கொண்டு கீழே வந்துவிடுவது என்று அண்ணனும் தங்கையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பேசி முடித்தார்கள். கட்டிலில் படுத்திருந்தவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இப்போதைக்கு நம்ம ஊட்டுக்குப் போவலாமுங்க. மலைக்கு."

ஜீப்புக்காரர் ராசு முட்டைக்கூடை சுமப்பவர் மாதிரி ஒவ்வொரு வளைவாகத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். வழியெல்லாம் ஷமீம் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பின்னால் கீழே போய்க்கொண்டிருந்த ஊரைப் பார்த்தபடி வந்தாள். மறுபடி இறங்கினால் ஏறப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு முதல் எதிரியாக வாய்த்தது மிளகு. அது மிளகுப் பறிப்புக் காலம். வாசலுக்கு வாசல் பாயும் தார்ப்பாயும் விரித்து மிளகு காய்ந்தது. காற்றடித்தால் தும்மல் வந்தது. தும்மினால் அடிவயிறு பிய்ந்துவிடும் போல வலித்தது. தும்மல் வரப்போகிறது என்று மூக்கு அரித்தவுடனே, தலையணையை எடுத்து வயிற்றோடு அழுத்திக்கொள்ளப் பழகினாள். அமீர் பாஷா கடையில் வியாபாரத்தில் இருந்தாலும், உள்ளேயிருந்து, "அ... அ..." என்று சத்தம் கேட்டால், "தலகாணி! தலகாணி!" என்று அங்கிருந்தே கத்துவார். வாங்க வந்தவர்கள் தலையணையும் விற்கிறார் போல என்று விலை கேட்பார்கள்.

குந்தி உட்கார முடியாததற்கு அவரே வழி கண்டுபிடித்தார். கடையிலிருந்த புத்தம்புது பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்து, நடுவில் கத்தியைக் காய்ச்சி வட்டமாக அறுத்து, கக்கூஸில் கொண்டுபோய் வைத்தார். அறுக்கும்போது யாரோ பார்த்துவிட்டு, "ஏனுங் பாய், நல்ல சேரைப் போயி ஓட்டை போடறீங்க?" என்று கேட்டதற்கு, "காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்" என்றாராம். அதைக் கேட்ட கண்ணாயி உள்ளே ஓடிவந்து ஷமீமிடம் சொல்ல, ஷமீம் சிரிக்க, சிரிப்பு வலிக்க, வலித்து அழ, அழுதுகொண்டே சிரிக்க, கடைசியில் கண்ணாயியை வெளியே போகச் சொல்லும்படி ஆயிற்று.

"தையல் பிரிஞ்சுச்சுன்னா நீதான் வந்து போடணும் புள்ள."

"எனக்கு எங்க தைக்கத் தெரியும்? நீங்களே போட்டுக்கங்க. கண்ணாடிய வேணா நான் புடிக்கறேன்."

உண்மையிலேயே ஒருநாள் கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லித் தன் வயிற்றுத் தையலைப் பார்த்தாள் ஷமீம். வெகுநேரம் பார்த்தாள். "நேராத்தான் போட்டிருக்காங்க. ஓரத்துல மட்டும் ஒரு சுருக்கு" என்றாள். நூல் தானாகவே கரைந்துவிடும் என்று சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கரைகிற நூலில் தைத்து யாரிடமாவது துணியைக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

கண்ணாயி மிளகுக் காட்டிலிருந்து நேராக இங்கே வருவாள். முடவாட்டுக் கிழங்கைத் தட்டி, மிளகும் பூண்டும் போட்டு வைத்த சூப்பைத் தூக்குப்போசியில் கொண்டு வருவாள். ஒருநாள் உயிரோடு ஒரு நாட்டுக்கோழியைக் காலைக் கட்டி அமீர் பாஷாவிடம் நீட்டினாள். "உங்க மொறையில நீங்களே அறுத்துக் குடுங்க பாய். அப்பத்தான அவங்க சாப்புடுவாங்க. கொழம்பு நான் வெக்கறேன்." சாயங்காலம் ஷமீமைக் கைப்பிடித்து நடக்க வைப்பாள். முதலில் வாசல் வரைக்கும், அப்புறம் எதிர்வீட்டுப் பலாமரம் வரைக்கும், அப்புறம் பஸ் திரும்புகிற இடம் வரைக்கும். மலைக்காரி கூடவே நடந்தாலும் இறக்கத்தில் முந்திக்கொண்டு போய்விடுவாள். "ஆட்டுக்குட்டியா நானு? மெதுவா வா புள்ள" என்பாள் ஷமீம்.

நோம்பிக்கு ஜாக்கெட் தைக்கச் சொல்லிப் பெண்கள் கொண்டு வந்த துணிகள் ஜன்னல் திண்டில் சேர்ந்தன. பாயம்மாவுக்கு ஆபரேஷன் என்று தெரிந்தும் கொண்டு வந்தார்கள். வேறு எங்கே போவது என்று தெரியாமல்தான். யாருக்கு ஒரு தோள் இறக்கம், யாருக்குச் சுமை தூக்கிப் பிடரி தடித்திருக்கிறது, யாருக்குக் கைக்குழி ஒரு விரல் அதிகம் விட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அமீர் பாஷா, "அவ இனிமே தைக்க மாட்டாம்மா, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொன்னார். சிலர் தயங்கித் தயங்கி எடுத்துப் போனார்கள்.

"எந்துணி இங்கதான் கெடக்கும்" என்றாள் கண்ணாயி. "பாயம்மா தெச்சா போடறேன், இல்லாட்டிப் பழசோட போறேன். மாரியம்மா என்ன, ஜாக்கெட்டையா பாக்குறா?"

அன்றைக்குத்தான் ஷமீம் புருஷனிடம் கேட்டாள். சாப்பாடு பரிமாறிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"நோம்பிக்குள்ள மெஷின் ஓடுச்சுன்னா?"

"எப்படி ஓடும்? மிதிக்கக் கூடாதுன்னு டாக்டரே சொன்னாங்க. நோம்பியோட கடையும் காலியாகப் போவுது."

"ஓடுச்சுன்னா, இங்கயே இருக்கலாமுங்களா?"

அமீர் பாஷா அவளைப் பார்த்தார். அவள் அவரிடம் இப்படி நேருக்கு நேர் எதையும் கேட்டதில்லை. அவள் மனசு நோகக் கூடாதே என்பதற்காக, "ஓடுனா பாக்கலாம்" என்றார். அவருக்கு அது சும்மா ஒரு பேச்சு. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மேஜையருகே நின்றபடியே கண்ணாயியின் ஜாக்கெட்டை வெட்டினாள். வெட்டுவதற்குக் குனிய வேண்டியதில்லை, மிதிக்க வேண்டியதில்லை. வெட்டிய துண்டுகளை மெஷின் மேல் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். நூலைக் கோத்தாள். கண்ணாயி வந்தபோது அவளுடைய வலது கால் மிதிகட்டையின் மேல் இருந்தது.

"காலை எடுங்க!"

"சும்மா வெச்சுப் பாத்தேன்."

"சும்மா வெச்சது போதும். டாக்டரம்மா உங்களுக்குச் சொன்னது எனக்குக் கேக்கலைன்னு நெனச்சீங்களா?" கண்ணாயி மெஷினைச் சுற்றிப் பார்த்தாள். சுவரை ஒட்டியிருந்த அதை ஒரே இழுப்பில் அறையின் நடுவுக்கு இழுத்தாள். தண்ணீர்க் குடம் வைக்கிற உயரமான மணையை எடுத்து மெஷினின் அந்தப் பக்கம் போட்டு, ஷமீமுக்கு எதிராக உட்கார்ந்து, முழங்காலை உள்ளே விட்டுத் தன் இரண்டு பாதத்தையும் மிதிகட்டையில் வைத்தாள். "என்ற ஜாக்கெட்டுத்தான? என்ற காலே மிதிக்கட்டும். நீங்க துணியப் புடிங்க."

முதல் மிதியில் சக்கரம் பின்னால் சுற்றி நூல் பட்டென்று அறுந்தது. மறுபடி கோத்தாள். மறுபடி அறுந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவளுக்குக் குதிகாலும் விரலும் மாறிப் போகின்றன என்று ஷமீமுக்கு அப்போதுதான் விளங்கியது. சக்கரத்தைக் கையால் முன்பக்கம் தள்ளிவிட்டு, "இப்ப இது போற போக்குலயே போ" என்றாள். கண்ணாயி போனாள். ஆனால் காட்டில் ஏற்றம் ஏறுகிற வேகத்தில் போனாள். ஊசி கடகடவென்று துணியைத் தின்றுகொண்டு ஓடியது.

"மலை ஏறாத புள்ள! சமதரை, சமதரை!"

"சமதரையில எனக்கு நடக்கத் தெரியாதே!"

"சந்தைக்குள்ள கூட்டத்துல நடப்பியே, அப்படி நட."

அது புரிந்தது. பட்டி நேராக ஓடியது. அடுத்தது கைக்குழி, வளைந்து வருகிற இடம். அங்கே வேகம் குறையாவிட்டால் துணி சுருங்கிவிடும். எப்படிச் சொல்வதென்று யோசிக்காமலே ஷமீமின் வாயில், "கொண்டை ஊசி வருது!" என்று வந்துவிட்டது. கண்ணாயியின் கால், வளைவைக் கண்ட பஸ் மாதிரி, தானாகவே மெதுவானது. வளைவு திரும்பி முடிந்ததும், "எறக்கம், விடு" என்றாள். கால் வேகம் பிடித்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷமீம் தலையணையைத் தேடினாள். சிரிப்பு வந்துவிட்டது.

மெஷின் சத்தம் கேட்டு அமீர் பாஷா ஓடிவந்தார். கையில் விற்றுக்கொண்டிருந்த இட்லிப் பானை அப்படியே இருந்தது.

"ஓடுதுங்க" என்றாள் ஷமீம்.

"யாரு காலு அது?"

"மெஷின் என்னுது."

"காலு உன்னுது இல்லியே."

"நீங்க காலைப் பத்திப் பேசலியே. மெஷின் ஓடுனா பாக்கலாம்னுதான சொன்னீங்க. பாருங்க."

அவர் இட்லிப் பானையைக் கீழே வைத்தார். நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ஆரோக்கியமேரி சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தையல் போட்ட இடத்தைப் பார்த்து வருவது அந்த சிஸ்டர்தான். கீழ்நாட்டுக்காரர், வேலைக்காக மலையில் இருப்பவர், பாதிப் பேச்சிலேயே அதட்டுகிறவர். வந்தவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், மேலே கட்டியிருந்த பெல்ட்டைச் சரிபண்ணினார், கண்ணாயியை மிதிக்கச் சொல்லி நின்று பார்த்தார். பிறகு அமீர் பாஷாவிடம், "இவங்க உக்காந்து துணி நகத்துறாங்க. அரைமணிக்கொரு தரம் எந்திரிச்சு நடக்கட்டும், துணி மூட்டையத் தூக்காம இருக்கட்டும். மத்தபடி கண்ணாயி காலுக்கு நான் ஏன் தடை போடப் போறேன்?" என்றார். போகும்போது ஜன்னலருகே நின்று, "ஏங்க பானு, வெள்ளை யூனிபார்ம் ஜாக்கெட் ஒண்ணு எனக்கும் வேணும்" என்றார்.

"தெச்சுத் தாரேன் சிஸ்டர். வந்து மிதிக்கணும்."

"நானா?"

"உன் ஜாக்கெட்டுக்கு உன் காலு. அதான் இங்க சட்டம்" என்றாள் கண்ணாயி. கவர்ன்மென்ட் சிஸ்டரை 'உன்' என்று சொல்லிவிட்டோமே என்று பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியமேரி வந்து மிதித்தார். அதோடு செய்தி மலை முழுக்கப் போய்விட்டது. திரும்ப எடுத்துப் போயிருந்த துணிகளெல்லாம் மறுபடி ஜன்னல் திண்டுக்கு வந்தன. ஒவ்வொருத்தியும் தன் ஜாக்கெட்டுக்குத் தானே வந்து மணையில் உட்கார்ந்தாள். மிளகுக் கூடையோடு வந்தார்கள், சந்தைப் பையோடு வந்தார்கள். சிலருக்குத் தையல் மெஷினைக் காலால் தொடுவதே அது முதல் தடவை. கொலுசு மிதிகட்டையில் சிக்கிக் கத்தினவள் உண்டு. எதிரே உட்கார்ந்து தூங்கிவிழுந்தவள் உண்டு. மிதித்துக்கொண்டே மாமியாரைத் திட்டினால் வேகம் அதிகமாகிறது என்று கண்டுபிடித்தவளும் உண்டு. "வளைவுல மட்டும் மாமியாள விட்டுரு கண்ணு" என்பாள் ஷமீம். முன்பெல்லாம் ஜன்னல் வழியாகத் துணியை வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தவள் அவள். இப்போது முழங்காலும் முழங்காலும் இடிக்க நாளெல்லாம் ஒருத்தி மாற்றி ஒருத்தியோடு முகம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "ஏத்தம்", "கொண்டை ஊசி", "பிரேக்கு, பிரேக்கு!" என்று அவள் போடுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. அந்த மனுஷியின் குரல் அவ்வளவு பெரிது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மிதிக்க வருகிறவர்கள் மெதுவாக வேறு விஷயமும் பேசினார்கள். "எனக்கும் அப்படித்தானுங்க போவுது பாயம்மா, யார்கிட்ட சொல்றது?" என்று ஒருத்தி குரலைத் தாழ்த்தினாள். ஷமீம் துணியை நிறுத்திவிட்டு, ஸ்கேன் எங்கே எடுத்தார்கள், என்ன கேட்டார்கள், எவ்வளவு வலித்தது, எவ்வளவு வலிக்கவில்லை என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். "சிஸ்டர்கிட்டப் போயி நில்லு. கூச்சமா இருந்தா நான் வாரேன் கூட" என்றாள். தனக்கு இப்படி ஒருத்தி சொல்லியிருந்தால் என்று ஒருநாள் நினைத்தாள். உடனே பஸ்ஸில் துண்டை எடுத்துப் போட்டவள் நினைவுக்கு வந்தாள்.

நோம்பிக்கு முந்தின வாரம் நாசியா வந்து இறங்கினாள், சாமான் கட்டச் சாக்கும் கயிறும் எடுத்துக்கொண்டு. வாசலிலேயே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"யா அல்லா! பாபி, என்ன பண்றீங்க? இந்த உடம்போட?"

"இந்த உடம்புக்கு என்ன?" என்றாள் ஷமீம், துணியிலிருந்து கையை எடுக்காமல்.

"உள்ள ஒண்ணுமில்லாம..."

"உள்ள இருந்தது கட்டி, நாசியா. தேங்காய் அளவு. அது போனதுக்கு யாராச்சும் அழுவாங்களா? ராவும் பகலும் அதைச் சொமந்துக்கிட்டுத்தான் இத்தனை நாளும் மிதிச்சேன். இப்ப லேசா இருக்கேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நீ ஆஸ்பத்திரியில போட்ட சோத்த நான் மறக்க மாட்டேன். ஆனா கீழ வரமாட்டேன்" என்றாள்.

இவ்வளவு நீளமாக அவள் பேசி நாசியா கேட்டதில்லை. அண்ணனைப் பார்த்தாள். அமீர் பாஷா வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து கண்ணாயி, "ஏனுங்க அம்மிணி, ஜாக்கெட் தெக்கோணும்னா வரிசையில உக்காருங்க. இல்லாட்டிக் கயித்த எடுத்துட்டுப் போயிக் கடையில வையுங்க, மொளகு மூட்டை கட்ட ஆகும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்த நாசியாவும், சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு, தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். அவள் மிதி நன்றாகவே இருந்தது.

நோம்பிக்கு முதல் நாள் எல்லாருடையதும் முடிந்துவிட்டது. திண்டில் ஒரே ஒரு துணி பாக்கி. வெள்ளையில் இளநீலப் பூ போட்டது. சந்தையில் ஷமீமே எடுத்தது, தனக்கு. கல்யாணமாகி வந்த புதிதில் கட்டியதற்குப் பிறகு அவள் வெள்ளை பக்கம் போனதில்லை. ஜாக்கெட்டை வெட்டிவிட்டாள். மிதிக்கத்தான் ஆளில்லை; நாசியா ஊருக்குப் போய்விட்டாள். கண்ணாயி உட்பட எல்லாரும் கோயில் வேலையில் இருந்தார்கள். சட்டமோ உன் ஜாக்கெட்டுக்கு உன் காலு. அவள் கால் இன்னும் மூன்று மாசம் முடிக்கவில்லை.

கடையில் கூட்டம் நெரிகிற பகல் நேரம். அமீர் பாஷா கல்லாவை விட்டு எழுந்து உள்ளே வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மணையில், அவளுக்கு எதிரே, உட்கார்ந்தார். மீசை நரைத்த மனுஷனின் முழங்கால் உள்ளே அடங்கவில்லை. ஒரு பக்கமாக ஒருக்களித்துக்கொண்டார்.

"கடையில ஆளுங்க நிக்கறாங்க" என்றாள் ஷமீம்.

"நிக்கட்டும். இது உன் ஜாக்கெட்டு. உனக்குக் காலு இப்போதைக்கு நாந்தான்."

ஜன்னலில் தலைகள் சேர்ந்தன. "பாய் மெஷின் மிதிக்கறாரு டோய்!" என்று ஒரு சத்தம் கேட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்தது. அவள் கோத்தாள். மறுபடி அறுந்தது. மறுபடி கோத்தாள். மூன்றாவது தடவை ஓடியது.

"நாசியா ஊட்டுப் பக்கத்துக் கடைக்காரனுக்கு வரலேன்னு சொல்லிட்டேன்" என்றார் அவர், காலைப் பார்த்தபடி.

"கொண்டை ஊசி வருது" என்றாள் அவள். அவர் மெதுவாக்கினார்.

சித்திரையில் டாக்டரம்மா பார்த்துவிட்டு மிதிக்கலாம் என்று சொன்னார். அந்த வருஷம் ஆபரேஷனால் தள்ளிப்போன ரமலான் நோன்பை ஷமீம் பிறகு பிடித்தாள். உதிரம் போகிற நாளில் நோன்பு பிடிக்கக் கூடாது; அடுத்த வருஷத்து நோன்பை ஒன்றுகூட விடாமல் முழுவதும் பிடித்தாள். வயதுக்கு வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

மெஷின் இன்னும் அறையின் நடுவில்தான் நிற்கிறது, சுவருக்குத் திரும்பப் போகவில்லை. இப்போது அவளே மிதிக்கிறாள். என்றாலும் எதிரே மணை கிடக்கிறது. பேச வருகிறவர்கள் அதில் உட்காருகிறார்கள். முக்காலியின் மேல் இருந்த கறுப்புத் துணி பாத்திரம் துடைக்கப் போய்விட்டது. எழுந்தால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. போன மாதம் அவள் எழுந்து உள்ளே போன சமயத்தில், வந்த களைப்பில் அந்த முக்காலியில் உட்கார்ந்த கண்ணாயி, "அய்யோ!" என்று துள்ளி எழுந்தாள். நிஜமாகவே ஓர் ஊசி கிடந்தது.

"ஊசி இல்லாதப்பல்லாம் பாத்தீங்க! இருக்கறப்ப பாக்க மாட்டீங்களா பாயம்மா?"

ஷமீம் பானு சிரித்தாள். தலையணையைத் தேடவில்லை. அவளுக்கு இப்போது எங்கும் வலியில்லை. செம்மேட்டில்தான் இருக்கிறாள். காலையில் கடை திறந்ததும் மெஷினும் ஓடத் தொடங்கிவிடுகிறது.